பட்டா அவருடையது, பாதை நம்முடையது

ஏப்ரல் 24, 2024, புதன்

மகள் வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் ஆகிறது. ஊர் பெயர் ஹை விக்கம். லண்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். காலையில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி பள்ளிக்கூடத்துக்கு. அப்புறம் நானும் ஜன்னலும்தான். நான் அங்கேயே உட்கார்ந்திருப்பதை எதிர்வீட்டு அம்மா கவனித்திருக்கிறார். ஓய்வுபெற்ற நர்ஸ். ஞாயிறன்று வந்து மகளிடம், "உங்கள் அப்பாவால் ஆறு மைல் நடக்க முடியுமா?" என்று கேட்டார். முப்பத்தாறு வருடம் நில அளவைத் துறையில் சர்வேயராகக் காடு கழனியெல்லாம் அளவுச் சங்கிலி இழுத்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? "முடியும்" என்று நானே சொல்லிவிட்டேன்.

இன்று வந்தவர்கள் பதினாலு பேர். மூத்தவருக்கு 81 வயது. சங்கம், சந்தா, ரசீது எதுவும் கிடையாது. புதன்தோறும் பத்து மணிக்கு ஏதாவது ஒரு கிராமத்தில் காரை நிறுத்துவார்கள், ஐந்தாறு மைல் சுற்றி நடப்பார்கள், ஒரு மணிக்கு அந்த ஊர் பப்பில் மதியச் சாப்பாடு. வழி பார்த்துக் கூட்டிப் போகும் வேலை முறை வைத்து மாறும். இந்த வார முறை ஒரு முன்னாள் தபால்காரருடையது. கையில் வரைபடம், சட்டைப் பையில் சின்னக் கத்தரி. கத்தரி எதற்கு என்று அப்போது புரியவில்லை.

டர்வில் என்ற கிராமத்தில் ஆரம்பித்தோம். சில்டர்ன்ஸ் என்று சொல்லும் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. மேலே குன்றின்மேல் காற்றாலை. நல்ல குளிர். மருமகனின் பூட்ஸ் எனக்கு ஒரு சைஸ் பெரிது, இரண்டு சாக்ஸ் போட்டுச் சரிக்கட்டியிருந்தேன். தலைக்கு மேலே வால் பிளந்த பருந்துகள் நான்கைந்து வட்டமிட்டன. ரெட் கைட் என்கிறார்கள். இங்கிலாந்தில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் சுட்டுத் தீர்த்துவிட்டு, 1989 முதல் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்களாம். இப்போது நம்மூர்க் காக்கை மாதிரி எங்கே பார்த்தாலும் அதுதான்.

இரண்டாவது மைலில் ஒரு கோதுமை வயல். பயிர் கணுக்காலுக்கு மேல் வந்திருந்தது. தபால்காரர் வரப்புப் பக்கம் ஒதுங்காமல் நேராக வயலின் நடுவே இறங்கினார். பின்னாலேயே எல்லாரும். நான் நின்றுவிட்டேன். முப்பத்தாறு வருடப் பழக்கம், பயிரில் கால் வைக்க மனம் வராது.

"நிலத்துக்காரர் கண்டால் ஒன்றும் சொல்ல மாட்டாரா?"

"என்ன சொல்வார்? நிலம் அவருடையது. பாதை நம்முடையது."

குனிந்து பார்த்தேன். பயிருக்கு நடுவே ஒரு கோடு கிழித்தது போல வெறும் மண். கைத்தடியை வைத்து அளந்தேன், மூன்று அடிக்குக் கொஞ்சம் கூட. சட்டமே அப்படித்தானாம். வயலுக்குக் குறுக்கே போகும் பொது நடைபாதையை விவசாயி உழலாம், விதைக்கலாம். ஆனால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையைத் திரும்பவும் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். இப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 1,40,000 மைல் பாதை, பெரும்பாலும் தனியார் நிலத்தின் மேலேதான். நடக்கிறவர்களுக்கு மஞ்சள் அம்பு, குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து என்றால் நீல அம்பு. வேலி வருகிற இடத்தில் தாண்டிப் போக இரண்டு பலகைப் படி, அதற்கு ஸ்டைல் என்று பேர். கத்தரி எதற்கு என்பதும் தெரிந்தது: பாதையில் நீளும் முட்செடியை நடந்தபடியே வெட்டிவிட்டுப் போகிறார்.

பப்பில் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு உள்ளே போனோம். இது எனக்குப் பிடித்திருந்தது, கோயிலுக்குள் போவது மாதிரி. யாருக்கு என்ன சாப்பாடு என்பதை முந்தின நாளே கேட்டுப் போனில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு மணிக்குச் சமையலறையை மூடிவிடுவார்களாம், அதனால் மொத்த நடையையும் சாப்பாட்டிலிருந்து பின்னோக்கித்தான் கணக்குப் போடுகிறார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த காட் மீன், என் முழங்கை நீளம். தொட்டுக்கொள்ள மசித்த பட்டாணி. உப்பும் வினிகரும் நிறையவே வேண்டியிருந்தது. பீர் அரை பைன்ட்தான் குடித்தேன். இதைப் படிக்கும் என் தம்பி கவனத்துக்கு, அரைதான்.

சாப்பாட்டு நடுவில் கூட்டத்தில் இருந்த மான்செஸ்டர்காரர் எழுந்து தம்ளரைத் தூக்கினார். 1932-இல் இதே ஏப்ரல் 24-ஆம் தேதி, மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் மலைமேல் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். பணக்காரர்கள் வேட்டைக்கென்று வேலி போட்டு வைத்திருந்த மலை. காவலாளிகளோடு கைகலப்பு, ஐந்து பேருக்குச் சிறை. முன்னின்று நடத்திய பென்னி ராத்மனுக்கு அப்போது இருபது வயது, நான்கு மாதம் உள்ளே இருந்தார். 1949-இல் பாதைகளுக்காகச் சட்டம் வந்தது, 1951-இல் அந்த மலையும் சேர்ந்து நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. எல்லாரும் தம்ளரைத் தூக்கினோம். என் அரை பைன்ட் அப்போது கால் பைன்டாகியிருந்தது.

மே 1, புதன்

"இன்றைக்கு உங்கள் ராஜாவின் கிணற்றுக்குப் போகிறோம்" என்றார் நர்ஸம்மா, காரில் ஏறும்போதே. எந்த ராஜா? காசி மகாராஜாவாம். காசி எனக்கும் தூரம்தான் அம்மா, ரயிலில் இரண்டு நாள் என்றேன்.

ஸ்டோக் ரோ என்ற சின்ன ஊர். நடை முழுக்க பீச் மரக் காடு. மரத்தடியெல்லாம் ப்ளூபெல் பூ, தரையே தெரியாமல் ஊதா நிறம் கொட்டியிருக்கிறது. மிதித்தால் பழையபடி வர வருடக்கணக்கில் ஆகும் என்பதால் எறும்பு வரிசையில் நடந்தோம். இந்தக் காடுகளுக்குள்தான் ஒரு காலத்தில் பாட்ஜர் என்ற தொழிலாளிகள் குடிசை போட்டு உட்கார்ந்து நாற்காலிக் கால் கடைந்தார்களாம். காலெல்லாம் வண்டியேறி ஹை விக்கம் பட்டறைகளுக்குப் போகும். மகள் ஊரின் நாற்காலிப் பெருமைக்கு வேர் இங்கே இருக்கிறது.

கிணறு சாலையோரத்திலேயே இருக்கிறது. அதற்கு மேலே ஒரு குவிமாடம். அதன் கீழே நீர் இறைக்கும் இரும்புச் சக்கரம், அதன் மேல் ஒரு தங்க நிற யானை. இங்கிலாந்து கிராமத்தில், தேவாலயமும் கிரிக்கெட்டுமாக இருக்கிற இடத்தில், யானையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கதை இதுதான். எட்வர்ட் ரீட் என்பவர் இந்தப் பக்கத்தில் பிறந்து, இந்தியாவில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். வடக்கே அசம்கரில் ஒரு கிணறு வெட்டிக் கொடுத்திருக்கிறார். தன் சொந்த ஊர்ப் பக்கத்தில் தண்ணீருக்குப் படும் பாட்டைக் காசி மகாராஜா ஈசுவரி பிரசாத் நாராயண் சிங்கிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்ட பையனை அம்மா அடித்த கதையையும். அது ராஜா மனதில் தங்கிவிட்டது. பின்னால் அவரே பணம் அனுப்பி, 1864-இல் கிணறு திறக்கப்பட்டது.

ஆழம் 368 அடி. குறுக்களவு வெறும் 4 அடி. முழுக்கக் கையால் தோண்டியது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து இறக்கினாலும் சிலுவை முனை கிணற்றின் அடியைத் தொடாது. இத்தனை மழை பெய்கிற ஊரில் ஏன் இந்த ஆழம் என்றால், அடியில் சுண்ணாம்புப் பாறை. விழுகிற மழையெல்லாம் கீழே இறங்கிவிடும், மேலே நிற்காது. ஆற்றங்கரைக்குப் போக வசதியில்லாத மேட்டு ஊர்க்காரர்கள் குட்டைத் தண்ணீரைக் குடித்துக் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். மூடி போட்டிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. கிணறு வெட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். எங்கள் செய்யாறு பக்கத்தில் 60 அடிக்குக் கீழே இறங்கினாலே மேலே இருப்பவன் நிமிடத்துக்கு ஒரு தரம் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பான். 4 அடி அகலத்தில் 368 அடி இறங்கினவனுக்கு மேலே என்ன தெரிந்திருக்கும்? சட்டைப் பொத்தான் அளவு வானம். அவர்கள் பேர் ஏதாவது பலகையில் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றித் தேடினேன், எனக்குத் தட்டுப்படவில்லை.

சாப்பாடு, ப்ளவ்மன்ஸ் லஞ்ச். உழவர் சாப்பாடு. ஒரு கட்டி செடார் சீஸ், ரொட்டி, வெண்ணெய், ஊறவைத்த முழு வெங்காயம், இனிப்பும் புளிப்புமாக ஒரு கறுப்பு ஊறுகாய், ஆப்பிள் துண்டு. நமக்குப் பழைய சோறும் சின்ன வெங்காயமும் போல இவர்களுக்கு இது, ஆயிரம் வருடத்துச் சாப்பாடு என்று நான் உருகிக்கொண்டிருந்தேன். மான்செஸ்டர்காரர் போட்டு உடைத்தார்: உழவன் ரொட்டியும் சீஸும் தின்றது வாஸ்தவம், ஆனால் இந்தப் பேரை ஊரெல்லாம் பரப்பியது 1950-களில் சீஸ் வியாபாரத்தைக் கூட்டுவதற்காகச் செய்த விளம்பரமாம். இருக்கட்டும், வெங்காயம் நன்றாக இருந்தது.

மே 8, புதன்

முதல் தடவையாக ஸ்வெட்டரைக் கழற்றினேன். பளிச்சென்று வெயில்.

வெண்டோவரிலிருந்து கூம் ஹில் ஏறினோம், சுமார் 260 மீட்டர். மேலே தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் இறந்தவர்களுக்கு 1904-இல் எழுப்பிய தூண், கீழே எய்ல்ஸ்பரி சமவெளி முழுக்க விரிந்து கிடக்கிறது. 81 வயதுக்காரர் எனக்கு முன்னால் ஏறிவிட்டார். அதைப் பற்றி மேற்கொண்டு எழுதப் போவதில்லை.

அங்கிருந்து ரிட்ஜ்வே என்ற நெடும்பாதையில் காட்டுக்குள் இறங்கினோம். காடு முடிந்து புல்வெளி. தூரத்தில் மரங்களுக்கு நடுவே சிவப்புச் செங்கல் மாளிகை ஒன்று. செக்கர்ஸ், பிரதம மந்திரியின் கிராமத்து வீடு. 1917-இல் ஆர்தர் லீ என்ற பிரபு நாட்டுக்கு எழுதிக் கொடுத்தது, 1921 முதல் பிரதமர்கள் தங்குகிறார்கள். நான் போன 2024 மே மாதத்தில் ரிஷி சுனக்.

சரி, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவோம் என்று நினைத்தேன். பாதை திரும்பவில்லை. புல்வெளியில் நேராக இறங்கி, மாளிகைக்குப் போகும் கார்ச் சாலையையே குறுக்கே வெட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறுகிறது! கம்பத்தில் காமிரா இருக்கிறது. பாதையைவிட்டு விலகினால் குற்றம் என்று பலகை இருக்கிறது. ஆனால் பாதையில் போகும்வரை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. உலகத் தலைவர்களின் கார்கள் போகும் அந்தத் தார்ச் சாலையை, சேறு பூட்ஸும் மருமகன் தொப்பியுமாக நான் தாண்டினேன். எட்டே எட்டு காலடி. எண்ணினேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம் சொல்லியாக வேண்டும். வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு கிராமத்தில் சுடுகாட்டுப் பாதையைக் காணோம் என்று மனு. எஃப்.எம்.பி. என்கிற புல அளவைப் படத்தில் புள்ளிக்கோடு போட்டு வண்டிப்பாதை தெளிவாக இருக்கிறது. நிலத்தில் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் வருடத்துக்கு ஓர் அடி உழவில் சேர்த்துச் சேர்த்து மொத்தத்தையும் தின்றுவிட்டார். பிணத்தைக் கரும்புக்குள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டு நாள் அளந்து, எட்டுக் கல் நட்டு, தாசில்தாருக்கு அறிக்கையும் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனால், பாதை மறுபடி கரும்பு. கல் ஒன்று அவர் வீட்டுக் கிணற்றடியில் கிடக்கிறது, அந்த அம்மா அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க சர்வேயர் சார், மோர் சாப்பிடுறீங்களா" என்று கேட்டார்கள். வாங்கிக் குடித்தேன்.

பாதைக்கு வரைபடம் இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது. இங்கே வாரா வாரம் யாரோ நடந்து பார்க்கிறார்கள். இதைத் தபால்காரரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, முட்செடி வெட்டிக்கொண்டிருந்தார்.

பப்பில் காளான் பை. சுமார்.

மே 15, புதன்

இன்று எல்லாமே தகராறு. தூறல். முறை மான்செஸ்டர்காரருடையது, பாதை அவருக்கு மனப்பாடம். பத்துப் பதினைந்து வருடமாக நடக்கிற குறுக்கு வழி என்று ஒரு தோப்புப் பக்கம் கூட்டிப் போனார். அங்கே புத்தம்புதுக் கம்பி வேலி. "தனியார் இடம்" என்று பலகை, பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை.

வரைபடத்தை விரித்தார்கள். மழைத்துளி விழுந்த தாளில் நானும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தேன். பொதுப்பாதை என்றால் பச்சைக் கோடு இருக்க வேண்டும். இல்லை. இத்தனை வருடமாக அவர்கள் நடந்தது கணக்கில் வராத பாதை.

சுற்றிப் போனோம். சுற்றின வழியில் கன்றுக்குட்டிகளோடு பத்திருபது மாடு. நர்ஸம்மா எல்லாரையும் ஓரமாக ஒதுக்கி, நாயைக் கட்டிப் பிடித்திருந்த பெண்மணியிடம் "மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடு, நாய் தப்பித்துக்கொள்ளும்" என்று சொல்லி, மெதுவாக நடத்திக்கொண்டு போனார். மாட்டைப் பற்றி எனக்கே பாடமா என்று நினைத்தேன். ஆனால் கன்று போட்ட மாடு எந்த ஊரிலும் கன்று போட்ட மாடுதான். நானும் பேசாமல் ஒதுங்கித்தான் போனேன்.

பப்பை அடைந்தபோது 2.20. சமையலறை மூடியாயிற்று. சூப்பாவது கிடைக்குமா என்று கேட்டோம், கிடைக்காது. பீர் உண்டு, க்ரிஸ்ப்ஸ் உண்டு, நம்மூர் உருளைக்கிழங்கு சிப்ஸ்தான். பாக்கெட்டின் வயிற்றைக் கிழித்து விரித்து மேசை நடுவே தட்டு மாதிரி வைக்கிறார்கள், நாலா பக்கமும் கை நீள்கிறது. பதின்மூன்று பேருக்கு ஒன்பது பாக்கெட் வந்தது. என் கைப்பையில் மகள் வைத்த எலுமிச்சை சாதம் இருந்தது. வெளிச் சாப்பாட்டை உள்ளே பிரிக்கக் கூடாது என்பதால் அது பைக்குள்ளேயே மணந்துகொண்டிருந்தது. கார் நிறுத்தத்தில் பின்கதவைத் தூக்கி வைத்துப் பங்கு போட்டோம். வேர்க்கடலை தீர்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் அதற்கு முன்னால் பப்பில் நடந்ததுதான் விஷயம். தபால்காரர் வீட்டுக்குப் போனில் பேசி எதையோ கேட்டு எழுதிக்கொண்டார். இங்கே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒரு பாதையில் மக்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிவுமறைவு இல்லாமல், தடையும் இல்லாமல் 20 வருடம் நடந்திருந்தால், அது பொதுப்பாதை என்று அந்தப் பகுதி கவுன்சிலில் மனுப் போடலாம். நடந்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படிவம் எழுத வேண்டும்: எந்த வருடத்திலிருந்து நடந்தீர்கள், வருடத்துக்கு எத்தனை தடவை, யாராவது தடுத்தார்களா, பூட்டிய கதவு இருந்ததா. மேசையைச் சுற்றி ஆளாளுக்கு வருடம் சொல்ல ஆரம்பித்தார்கள். 81 வயதுக்காரர் 1974 என்றார், மனைவி உயிரோடு இருந்தபோது. அப்புறம் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கியது.

படிவத்தோடு வரைபடமும் சேர்க்க வேண்டுமாம். எனக்கு நடந்த அனுபவம் கிடையாது, சாட்சி சொல்ல முடியாது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பீர் வைக்கும் அட்டையைத் திருப்பிப் போட்டு, வேலி ஆரம்பித்த இடம், தோப்பின் மூலை, பழைய ஸ்டைலின் உடைந்த கால், மூன்றையும் காலடிக் கணக்கில் போட்டுக் கொடுத்தேன். வேலியோரமாக நடந்தபோது எண்ணித்தான் வந்திருந்தேன், பழக்கதோஷம். தபால்காரர் அட்டையை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். அளவுகோல் என்ன என்று கேட்டார். ஓர் அங்குலத்துக்கு ஒரு சங்கிலி, 66 அடி என்றேன். "சங்கிலியா!" என்று சிரித்தார். சங்கிலி இவர்கள் ஊர்ச் சரக்குதான், எட்மண்ட் குந்தர் 1620-இல் கண்டுபிடித்தது. இவர்களில் பெரும்பாலோருக்கு இப்போது அது கிரிக்கெட் பிட்சின் நீளம்தான். நான் சர்வீஸில் பாதிக் காலம் அதை இழுத்தேன்.

மே 22, புதன்

ஐவிங்ஹோ பீக்கன். ரிட்ஜ்வே முடிகிற முனை. மேற்கே ஏவ்பரி பக்கம் ஆரம்பித்து 87 மைல் வந்து இங்கே நிற்கிறது. மொட்டைக் குன்று, காற்று ஆளைத் தள்ளுகிறது. எதிர்க் குன்றில் விப்ஸ்னேட் மிருகக்காட்சி சாலைக்காரர்கள் 1930-களில் சுண்ணாம்பில் செதுக்கிய வெள்ளைச் சிங்கம் மேகத்துக்குள் பாதி தெரிந்தது.

உச்சியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கான்கிரீட் தூண். மற்றவர்கள் அதன்மேல் ஃப்ளாஸ்க்கை வைத்துக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ட்ரிக் பில்லர்! 1936-இல் நாட்டை மறுபடி அளக்க ஆரம்பித்தபோது இவர்கள் நாட்டு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே கட்டியவற்றில் ஒன்று, மொத்தம் 6,500-க்கு மேல். மேலே கோணம் அளக்கும் தியோடலைட்டை உட்காரவைக்கப் பித்தளையில் மூன்று பள்ளம், 120 டிகிரிக்கு ஒன்று. ஃப்ளாஸ்க்கை எடுக்கச் சொல்லிவிட்டு விரலை வைத்துப் பார்த்தேன். மழைநீரும் காபியும் தேங்கியிருந்தன. கைக்குட்டையால் துடைத்தேன்.

அவர்களிடம் லாம்டனைப் பற்றிச் சொன்னேன். 1802-இல் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு இந்தியாவை அளக்க ஆரம்பித்தவர். அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சாவூர்க் கோபுரத்தில் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியதும், மனுஷன் கூடாரத்துக்குள் அடைந்து வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே நிமிர்த்தியதும். காற்றில் பாதி காதில் விழுந்திருக்காது. 81 வயதுக்காரர் மட்டும் "கோயில் என்ன ஆனது?" என்று கேட்டார். கோயில் நன்றாக இருக்கிறது என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. பப்பில் ரேடியேட்டர் மேல் பதினாறு சாக்ஸ் காய்ந்தன. திரும்பி வரும் வழியில் கார் ரேடியோவில், சுனக் பிரதமர் வீட்டு வாசலில் மழையில் நனைந்துகொண்டே தேர்தல் தேதி அறிவித்தார் என்று செய்தி, ஜூலை 4. "செக்கர்ஸுக்கு வேறு ஆள் வரலாம்" என்றார் நர்ஸம்மா. தபால்காரர், "பாதை அங்கேயே இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைப்பர் வேகத்தைக் கூட்டினார்.

இறங்கும்போது வரைபடத்தை என் கையில் கொடுத்தார். மடிப்புகளில் டேப் ஒட்டிய பழைய தாள். அடுத்த புதன் என் முறையாம். வழி பார்ப்பது பிரச்சினையே இல்லை. பன்னிரண்டு பேருக்கு எது எது வேண்டும் என்று கேட்டு எழுதி, செவ்வாய்க்கிழமை பப்புக்குப் போன் செய்து என் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவள் முடியாது, நீங்களே பேசுங்கள் அப்பா என்கிறாள்.